'கோத்தம் சென்ட்ரல்' காமிக்ஸ் டிவி தொடராக வந்தால் யாரை எழுத வைப்பீர்கள்? 5 நாற்காலிதான் இருக்கிறது

நள்ளிரவு ரோந்து:
ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம், இன்று போட்டுவிடுகிறேன். 'கோத்தம் சென்ட்ரல்' படித்தவர்கள் இங்கே கொஞ்சம் பேராவது இருப்பீர்கள். படிக்காதவர்களுக்கு: 2003 முதல் 2006 வரை பேட்மேன் பதிப்பகமான டிசி வெளியிட்ட காமிக்ஸ், மொத்தம் 40 இதழ்கள். பேட்மேன் இருக்கிற ஊரில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் போலீஸ்காரர்களின் கதை. பேட்மேன் எப்போதாவது நிழல் மாதிரி வந்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். எட் ப்ரூபேக்கரும் கிரெக் ரக்காவும் எழுத, பாதிக்கு மேல் மைக்கேல் லார்க் வரைந்தார்.

இயக்குநர் மாட் ரீவ்ஸ் தன்னுடைய 'தி பேட்மேன்' படத்தோடு ஒட்டி ஒரு கோத்தம் போலீஸ் தொடர் செய்யப்போவதாக 2020ல் அறிவிப்பு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? டெரன்ஸ் விண்டர் எழுதுவதாக இருந்தது, அவர் விலகினார், ஜோ பார்ட்டன் வந்தார், அப்புறம் அது ஆர்க்கம் மனநல மருத்துவமனைக் கதையாக உருமாறி, கடைசியில் அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. எனவே கனவு காண நமக்கு இடம் காலியாகத்தான் இருக்கிறது.

விதிமுறை இதுதான். 8 எபிசோட். 2023ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் செய்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வந்த அவர்கள் சங்க ஒப்பந்தப்படி 7 முதல் 12 எபிசோட் உள்ள தொடருக்குப் பொதுவாகக் குறைந்தது 5 எழுத்தாளர்கள் வேண்டும், அதனால் 5 நாற்காலி. ஐவரும் காமிக்ஸ் எழுதியவர்களாக இருக்க வேண்டும், அதில் ஒருவர் தலைமை. யாருக்கு எந்தக் கதை என்றும் சொல்லுங்கள், சும்மா பெயரை அடுக்கிவிட்டுப் போகக் கூடாது.

என்னுடையது: தலைமை ப்ரூபேக்கர். கூட ரக்கா, டாம் கிங், கிறிஸ்டோபர் பிரீஸ்ட், மரிக்கோ டமாக்கி.

பழைய பேப்பர் கடை:
நாற்காலியில் ஆட்கள் சரி, தலைமைதான் தப்பு. ரக்காதான் தலைமை.

அந்த 40 இதழை எடுத்துப் பாருங்கள். முதல் கதையை இரண்டு பேரும் சேர்ந்து எழுதினார்கள். அதற்கப்புறம் பகல் ஷிஃப்ட் ரக்காவுக்கு, இரவு ஷிஃப்ட் ப்ரூபேக்கருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள், நடுவில் ஜோக்கர் கதை மாதிரி ஒன்றிரண்டு பெரிய கதைகளுக்கு மட்டும் மறுபடி சேர்ந்தார்கள். இன்றைக்கு யாரைக் கேட்டாலும் இந்தக் காமிக்ஸில் ஞாபகம் இருப்பது ரெனே மொன்டோயா, கிறிஸ்பஸ் ஆலன் என்ற இரண்டு துப்பறிவாளர்கள்தான். அவர்கள் பகல் ஷிஃப்ட். 'ஹாஃப் எ லைஃப்' ஐந்து இதழும் ரக்கா எழுதியது, 2004ல் காமிக்ஸுக்கான பெரிய விருதான ஐஸ்னர் விருது வாங்கியது. மொன்டோயா ஒரு பெண்ணோடு இருக்கும் புகைப்படத்தை யாரோ எடுத்து அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிட, அந்த ஐந்து இதழுக்குள் அவருடைய வேலை, வீடு, பெயர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகும். இதற்கெல்லாம் பின்னால் டூ-ஃபேஸ் என்ற பேட்மேன் வில்லன் இருக்கிறான். ஆனாலும் வில்லனைவிட அப்பா அம்மாவிடம் உண்மையைச் சொல்லும் பக்கங்கள்தான் வயிற்றைக் கலக்கும். அதோடு ப்ரூபேக்கர் கடைசிக் கட்டத்தில் போட்டி நிறுவனமான மார்வெலுக்குப் போய்விட்டார், முடித்து வைத்தவர் ரக்கா. முடித்து வைத்தவனுக்குத்தான் உரிமை.

கறுப்பு மை:
இரண்டு பேரில் யாரையும் தலைமையில் உட்கார வைக்காதீர்கள். கோபப்படாமல் படியுங்கள்.

காமிக்ஸ் எழுத்தாளர் தனியாக வேலை செய்பவர். மாதம் 22 பக்கம், ஓர் ஓவியர், ஓர் எடிட்டர், முடிந்தது. ஒரு படக்கட்டத்துக்குள் வசனமே வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், மீதியை ஓவியர் பார்த்துக்கொள்வார். தொலைக்காட்சி அப்படியில்லை. ஐந்தாறு பேர் ஓர் அறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து கதையைப் பலகையில் உடைத்து ஒட்டுவார்கள், ஒருவர் போய் எழுதிவருவார், தலைமை அதைத் திருத்தி எழுதுவார், நாளைக்கு அந்த நடிகருக்குக் கால்ஷீட் இல்லை, மழைக் காட்சிக்குப் பணம் இல்லை என்று செட்டிலிருந்து போன் வரும். அதைச் சமாளிப்பது எழுதுவதிலிருந்து முற்றிலும் வேறு திறமை.

உதாரணம் வேண்டுமா? சூப்பர் சக்தி உள்ள ஊரில் சாதாரணப் போலீஸ் என்ற இதே யோசனையைக் காமிக்ஸ் எழுத்தாளர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் 'பவர்ஸ்' என்று 2000லேயே காமிக்ஸில் தொடங்கினார். அது பிளேஸ்டேஷனுக்காக 2015ல் தொடராக வந்தது, பெண்டிஸ் தயாரிப்பாளர்களில் ஒருவர், இரண்டு சீசனில் கதை முடிந்தது. இன்னொரு காமிக்ஸ் எழுத்தாளர் பிரையன் கே. வான் 'லாஸ்ட்' தொடரின் அறையில் இருந்தபோது நன்றாகத்தான் இருந்தார், 'அண்டர் தி டோம்' அவர் தலையில் விழுந்ததும் முதல் சீசனோடு கிளம்பிவிட்டார். அறையில் ஒருவராக இருப்பது வேறு, அறையை நடத்துவது வேறு.

நள்ளிரவு ரோந்து:
அதனால்தான் ப்ரூபேக்கரைச் சொன்னேன் பாஸ். 'வெஸ்ட்வேர்ல்ட்' முதல் சீசன் அறையில் இருந்தவர், 4ஆவது எபிசோடில் ஜொனாதன் நோலனோடு அவர் பெயர் இருக்கிறது. 2024ல் பிரைமில் வந்த 'பேட்மேன்: கேப்ட் குரூசேடர்' அனிமேஷனுக்குத் தலைமை எழுத்தாளர் அவர்தான். அந்த அறையில் ரக்காவும் இருந்தார். மொன்டோயா அதில் முக்கியப் பாத்திரம். அதாவது நாம் கேட்பது பாதி ஏற்கெனவே நடந்துவிட்டது, 1940களின் உடை போட்டுக்கொண்டு, கார்ட்டூனாக.

பழைய பேப்பர் கடை:
அதையே நானும் காரணமாகச் சொல்வேன். அங்கே ப்ரூபேக்கர் தலைமையாக இருந்து பார்த்துவிட்டோம். பிடித்திருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பேட்மேன் கதை. போலீஸ்காரர்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிறு வாசகி:
கறுப்பு மை அண்ணா 'ஸ்டம்ப்டவுன்' பற்றி வாயே திறக்கவில்லையே. ரக்கா எழுதிய காமிக்ஸ், ஏபிசியில் 2019ல் தொடராக வந்தது, கோபி ஸ்மல்டர்ஸ் நடித்தார். 18 எபிசோட். இரண்டாம் சீசனுக்குச் சரி என்று சொல்லிவிட்டு, கொரோனாவால் வேலை தள்ளிப்போனதும் ரத்து செய்தார்கள். எழுத்து சரியில்லாமல் நின்ற தொடர் இல்லை. ஆனால் அதிலும் தலைமை ரக்கா இல்லை, ஜேசன் ரிச்மண்ட்... மன்னிக்கவும், ரிச்மேன். ஆக அண்ணா சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதை நானே எடுத்துக்கொடுத்துவிட்டேன்.

எனக்கு இங்கே யாரும் பேசாத ஒரு பயம். ஃபாக்ஸில் 'கோத்தம்' என்று 2014 முதல் 2019 வரை 100 எபிசோட் ஓடியது. முதல் சீசனில் மொன்டோயாவும் ஆலனும் வந்தார்கள். பிறகு? ஆளையே காணோம். பென்குயின், ரிட்லர், குட்டி புரூஸ் என்று வில்லன்கள் மொத்த இடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். எந்தச் சேனலும் இதைத்தான் செய்யும், ஏனென்றால் போஸ்டரில் போட வில்லன் வேண்டும். ஆகவே ஐந்து பேரில் ஒருவராவது "ஜோக்கர் வேண்டாம்" என்று மேலிடத்தில் சொல்லும் ஆளாக இருக்க வேண்டும். என் கணக்கில் அது ரக்கா. மற்றவர்கள் இரண்டாவது மீட்டிங்கிலேயே விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

மதுரைக்காரன்:
நான் படிக்கவில்லை, படம் பார்ப்பதோடு சரி. ஒரு சந்தேகம். பேட்மேனே வராத பேட்மேன் தொடரை யார் பார்ப்பார்கள்? சண்டை இல்லை, கார் இல்லை, ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால் எப்படி?

நள்ளிரவு ரோந்து:
தம்பி, 'தி பென்குயின்' பார்த்தாயா? 2024, எச்பிஓ, 8 எபிசோட், பேட்மேன் கிடையாது. எல்லோரும் பார்த்தார்கள்.

இந்தக் காமிக்ஸின் சூடு அதில்தான் இருக்கிறது. முதல் இதழிலேயே மார்கஸ் டிரைவர் என்ற துப்பறிவாளரும் அவர் கூட்டாளியும் ஒரு பெண் கடத்தல் வழக்குக்காக ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள், உள்ளே இருப்பது ஆளை உறைய வைக்கும் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ். கூட்டாளி அங்கேயே சாகிறார். அப்புறம் மொத்த ஸ்டேஷனும் ஓடுவது ஃப்ரீஸைப் பிடிக்க மட்டும் இல்லை. இருட்டியதும் பேட்மேனைக் கூப்பிடும் மாடி விளக்கு எரிந்து பேட்மேன் வந்துவிடுவார், அதற்குள் நம் ஆளைக் கொன்றவனை நாமே பிடித்துவிட வேண்டும் என்ற வீம்புதான் கதை. அவர்களுக்குப் பேட்மேன் மீது நன்றியும் இருக்கிறது, எரிச்சலும் இருக்கிறது. பேட்மேனை அதிகம் காட்டினால் இந்த எரிச்சல் செத்துவிடும்.

அந்த விளக்கை வைத்தே ப்ரூபேக்கர் 11ஆவது இதழில் ஒரு முழுக் கதை செய்திருக்கிறார். பேட்மேனோடு தொடர்பே இல்லை என்பது போலீஸின் அதிகாரபூர்வ நிலை, எனவே போலீஸ்காரர் யாரும் அந்தச் சுவிட்சைத் தொடக் கூடாது. அதைப் போடுவதற்கென்றே ஸ்டேசி என்ற தற்காலிக ஊழியர் இருக்கிறார். அந்தப் பெண் டைப் அடித்துக்கொண்டே எல்லோரையும் கவனிக்கிறார், 22 பக்கம், அவ்வளவுதான். இதை எழுதியவன் அறையை நடத்துவான் என்று நம்புகிறேன்.

கறுப்பு மை:
ஸ்டேசி இதழ் அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு இழுத்தால் அறுவை. இதைத்தான் சொல்ல வருகிறேன், 22 பக்கத்தில் நிற்பது 50 நிமிடத்தில் நிற்காது.

சரி, எதிர்ப்பு மட்டும் சொன்னால் போதாது. 'தி வயர்' என்ற போலீஸ் தொடர் செய்ததைச் செய்யுங்கள். டேவிட் சைமன் பால்டிமோர் பத்திரிகையில் போலீஸ் செய்தி எழுதியவர், கூட இருந்த எட் பர்ன்ஸ் கொலை வழக்குகளை விசாரித்த நிஜமான துப்பறிவாளர். ஊரும் ஸ்டேஷனும் தெரிந்த இந்த இருவருக்குக் கீழேதான் ஜார்ஜ் பெலக்கானோஸ், ரிச்சர்ட் பிரைஸ், டென்னிஸ் லெஹேன் என்று நாவலாசிரியர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் ஆளுக்குச் சில எபிசோட் எழுதினார்கள், தொடரை நடத்தவில்லை. நமக்கும் அதே முறை போதும், தலைமை தொலைக்காட்சி ஆள், கீழே நாலு காமிக்ஸ் ஆட்கள்.

நள்ளிரவு ரோந்து:
விதியை உடைக்கிறீர்கள். ஐவரும் காமிக்ஸ் எழுதியவர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கறுப்பு மை:
அப்படியானால் பால் டினி. டிவியிலிருந்து காமிக்ஸுக்கு வந்தவர், விதி உடையவில்லை. 1992 பேட்மேன் அனிமேஷனில் மிஸ்டர் ஃப்ரீஸை நோயாளி மனைவி உள்ள சோக மனிதனாக மாற்றியது அவர், அந்த எபிசோடுக்கு எம்மி கிடைத்தது. உங்கள் மொன்டோயாவே அந்த அனிமேஷனுக்காக உருவான பாத்திரம், அது ஒளிபரப்பாவதற்கு முன்பே காமிக்ஸும் எடுத்துக்கொண்டது. 'லாஸ்ட்' முதல் சீசனிலும் டினி இருந்தார்.

பழைய பேப்பர் கடை:
டினி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் வில்லன்களை நேசிக்கிறவர். ஜோக்கரின் காதலி ஹார்லி க்வின் அவர் கை பட்டது. வாசகி மேலே பயப்பட்டது இதற்குத்தான், சாவியை அவரிடம் கொடுத்தால் மூன்றாம் எபிசோடில் வில்லன் அழுதுகொண்டிருப்பான், போலீஸ்காரர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

டைரிப்பூச்சி:
தாமதமாக வந்தேன், மன்னிக்கவும். டாம் கிங் பெயரை எல்லோரும் விழுங்கிவிட்டீர்களா? 'ஷெரிஃப் ஆஃப் பாபிலோன்' படியுங்கள். படையெடுப்புக்குப் பிந்தைய பாக்தாத், இராக்கியப் போலீசுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அமெரிக்கர், அவரிடம் பயின்ற ஒருவன் பிணமாகக் கிடக்கிறான், யார் கொன்றது என்று கண்டுபிடிக்க யாருக்கும் அதிகாரமும் இல்லை, ஆர்வமும் இல்லை. 12 இதழ், மிட்ச் ஜெராட்ஸ் ஓவியம். கிங் சிஐஏவில் வேலை பார்த்தவர், அரசு அலுவலகம் எப்படி ஆளைத் தேய்க்கும் என்று தெரிந்தவர். சைமன் போலீஸ் செய்தி எழுதினார் என்றீர்களே, அதற்கு அருகில் வரக்கூடிய ஒரே காமிக்ஸ் ஆள் இவர்தான். எச்பிஓவின் 'லான்டர்ன்ஸ்' தொடரிலும் கிரிஸ் மண்டி, டேமன் லிண்டலாஃப் கூட இருக்கிறார்.

ஞாயிறு வாசகி:
கிங் எழுதினால் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவார்கள். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு, அடுத்த கட்டத்தில் திரும்பச் சொல்லி, அடுத்த கட்டத்தில் இன்னொரு தடவை. ஒன்பது கட்டம் உள்ள பக்கத்தில் அது தாளம் மாதிரி கேட்கும். நடிகர்கள் வாயில் வந்தால் வசனம் மறந்துவிட்ட மாதிரி இருக்கும். முரட்டுத் துப்பறிவாளர் புல்லக் அப்படிப் பேசுவதை நினைத்துப் பாருங்கள்!

டைரிப்பூச்சி:
சரி, புல்லக்கை அவரிடம் கொடுக்க வேண்டாம். கொரிகன் கதையைக் கொடுங்கள்.

பழைய பேப்பர் கடை:
கொரிகனையா? அது ரக்காவின் சொத்து, யாரும் தொடக் கூடாது.

தெரியாதவர்களுக்காக: ஜிம் கொரிகன் தடயவியல் பிரிவில் வேலை பார்க்கிறவன், குற்றம் நடந்த இடத்திலிருந்து தடயங்களைத் திருடி விற்கிறான். ஆலன் ஒரு துப்பாக்கிச் சண்டை பற்றிய விசாரணையில் மாட்டிக்கொள்ள, அவரைக் காப்பாற்றக்கூடிய தோட்டாவைக் கொரிகன் திருடியிருக்கிறான். மொன்டோயா அவனை அடித்து நொறுக்கி உண்மையை வாங்குகிறார், ஆலன் தப்பிக்கிறார். அந்த அடியினாலேயே கொரிகனைச் சட்டப்படி உள்ளே தள்ள முடியாமல் போகிறது. அவன் வெளியே சுற்றுகிறான், ஆலன் ரகசியமாக அவன் பின்னால் போகிறார், கடைசியில் கொரிகனே ஆலனைச் சுட்டுக் கொல்கிறான். 23, 24ல் விதைத்தது 38 முதல் 40 வரை அறுவடையாகிறது. பேட்மேனோ ஜோக்கரோ கொன்றிருந்தால் இந்த வலி வராது. கூட வேலை பார்க்கிற ஒரு திருட்டுப் பயல்! நண்பனுக்காக அடித்த அடிதான் நண்பனைக் கொன்றது. இதற்கு மேல் என்ன கதை வேண்டும் உங்களுக்கு?

மதுரைக்காரன்:
அண்ணே, கதையை முழுசா சொல்லிட்டீங்களே! இப்போதுதான் முதல் புத்தகம் வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய பேப்பர் கடை:
20 வருடப் பழைய காமிக்ஸ் தம்பி. வாங்கு. முடிவு தெரிந்தாலும் பாதிக்காது.

இரவல் புத்தகம்:
இரண்டு பெயர் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒன்று ஜேசன் ஏரன். 'ஸ்கால்ப்டு' 60 இதழ், பூர்வகுடி ஒதுக்கிடத்தில் நடக்கும் குற்றக்கதை, அதில் நல்லவன் என்று ஒருவனைக்கூடக் காட்ட முடியாது, ஆனாலும் எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கும். டபிள்யூஜிஎன் சேனல் பைலட் என்ற சோதனை எபிசோட் வரை எடுத்துவிட்டுக் கைவிட்டது. இரண்டாவது ராம் வி. 2022லிருந்து 2024 வரை 'டிடெக்டிவ் காமிக்ஸ்' எழுதினார், ஓபரா என்ற இசை நாடகம் மாதிரி கட்டமைத்த பெரிய கதை. மும்பையை வைத்து 'தி மெனி டெத்ஸ் ஆஃப் லைலா ஸ்டார்' எழுதியவர். ஊரை ஒரு பாத்திரமாக எழுதத் தெரிந்தவர் ஒருவராவது அறையில் வேண்டும்.

கறுப்பு மை:
ராம் வி நல்ல எழுத்தாளர். ஆனால் அவருடைய கோத்தம் கனவு மாதிரி இருக்கும். இந்தக் கதைக்குத் தேவை பழுதான காபி மெஷினும் தீராத பேப்பர் வேலையும். நம் நாட்டுக்காரர் என்பதற்காக நாற்காலி கொடுக்க முடியாது. ஏரனுக்கு என் ஓட்டு உண்டு, புல்லக்கை அவரிடம் கொடுங்கள். 'அன்ரிசால்வ்ட்' கதையில் வேலையை இழந்த புல்லக் பழைய வழக்கு ஒன்றைப் பிடித்துத் தொங்குவாரே, அந்த அழுக்கும் குடியும் ஏரனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஞாயிறு வாசகி:
பிரீஸ்ட் பற்றி ஒருவரும் பேசவில்லையே, எனக்கு அவர் கண்டிப்பாக வேண்டும். 'பிளாக் பேந்தர்' 1998ல் அவர் தொடங்கியபோது கதையை ஹீரோவான ராஜா சொல்லவில்லை, எவரெட் ராஸ் என்ற அமெரிக்க அதிகாரி வரிசை மாற்றி, நடுவில் குதித்து, பின்னால் போய்ச் சொல்வான். பெரிய ஹீரோவை ஒரு சாதாரண அரசு ஊழியர் கண்ணால் காட்டும் வித்தை அது. இங்கே நமக்குத் தேவையானதும் அதுதானே? ஸ்டேசி எபிசோட் 50 நிமிடம் தாங்காது என்றீர்களே, பிரீஸ்டிடம் கொடுங்கள், தாங்கும்.

டமாக்கியும் அவசியம். 'ஹாஃப் எ லைஃப்' காட்சிகளை அப்படியே 2003 மாதிரி எடுக்க முடியாது. அலுவலகத்தில் புகைப்படம் ஒட்டுவதெல்லாம் இன்றைக்கு வேறு மாதிரி நடக்கும், கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் ஊர் முழுக்கப் போய்விடும். ஆனால் அம்மா அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேஜை மாறவில்லை. 'திஸ் ஒன் சம்மர்' எழுதியவருக்கு ஒரு வீட்டுக்குள் பேசாமல் விட்ட விஷயங்களை எழுதத் தெரியும், 'டிடெக்டிவ் காமிக்ஸ்' எழுதியவர் என்பதால் கோத்தமும் தெரியும். ரக்கா அசலை எழுதினார் என்பதற்காக அந்த எபிசோடை அவரே எழுத வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சொன்னால் பேப்பர் கடை அண்ணன் அடிக்க வருவார்.

பழைய பேப்பர் கடை:
அடிக்க வரவில்லை, யோசிக்கிறேன். ரக்கா அறையில் இருந்து, டமாக்கி எழுதி, அவர் படித்துப் பார்த்தால் எனக்குச் சம்மதம்.

நள்ளிரவு ரோந்து:
இதில் பணம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் "அசல் எழுத்தாளர்களுக்கு நன்றி கார்டு போட்டால் போதாதா" என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். போதாது. மார்வெலின் வின்டர் சோல்ஜர் பாத்திரத்தைக் காமிக்ஸில் கொண்டுவந்தது ப்ரூபேக்கரும் ஸ்டீவ் எப்டிங்கும். பாத்திரத்தின் உரிமை நிறுவனத்துக்கு என்பதால் படங்கள், தொடர் எல்லாம் வந்தும் தங்களுக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை என்று ப்ரூபேக்கரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 'வின்டர் சோல்ஜர்' படத்தில் சின்னதாகத் தலைகாட்டியதற்கு நடிகர் சங்கம் வழியாக வந்த பணம், பாத்திரத்தை உருவாக்கியதற்கு வந்ததைவிட அதிகம் என்றார். அறையில் நாற்காலி என்றால் வாரச் சம்பளம், எபிசோட் கட்டணம், மறுஒளிபரப்புப் பங்கு எல்லாம் உண்டு. நான் காமிக்ஸ் ஆட்களையே பிடித்துத் தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கறுப்பு மை:
இது நியாயமான காரணம். கலைக் காரணத்தைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, விதிக்குள் நின்றே என் பட்டியல்: தலைமை ப்ரூபேக்கர் (வேறு வழியில்லை, அறையை நடத்திய அனுபவம் உங்கள் ஆட்களில் அவருக்குத்தான்), ரக்கா, ஏரன், பிரீஸ்ட், டமாக்கி. கிங் வெளியே. கொரிகன் கதை முதல் சீசனில் வேண்டவே வேண்டாம், ஆலனை இரண்டு சீசனாவது ஜனங்கள் நேசித்த பிறகு கொல்லுங்கள். ஃப்ரீஸில் தொடங்கி 'ஹாஃப் எ லைஃபில்' முடியுங்கள்.

டைரிப்பூச்சி:
கிங்கை வெளியே அனுப்பியதைக் கண்டித்து வெளிநடப்பு செய்கிறேன்.

ஞாயிறு வாசகி:
'ஹாஃப் எ லைஃபை' கடைசி எபிசோடில் வைத்தால் மொன்டோயா பற்றிய ரகசியம் ஏழு எபிசோடுக்குப் பார்வையாளர்களுக்கும் ரகசியமாகவே இருக்கும், அது மலிவான வேலை. 3ஆவதில் தொடங்கி 5ல் முடியுங்கள். மீதி மூன்று எபிசோடும் அவர் அதே மேஜைக்குத் திரும்பி வந்து அதே ஆட்களோடு வேலை பார்ப்பதைக் காட்டுங்கள், காமிக்ஸே அதைத்தான் செய்தது.

பழைய பேப்பர் கடை:
வாசகி சொன்னதற்கு என் இரண்டு கையும். கிறிஸ்துமஸ் ஜோக்கர் கதையை இரண்டாம் சீசனுக்குத் தள்ளுங்கள், சேனல்காரன் கத்துவான், கத்தட்டும்.

மதுரைக்காரன்:
முதல் புத்தகம் ஆர்டர் போட்டுவிட்டேன். ஒரே கேள்வி: இத்தனை சண்டையிலும் லார்க்கை யாரும் கேட்கவில்லையே, ஓவியருக்கு அறையில் வேலை இல்லையா?

நள்ளிரவு ரோந்து:
ஸ்டோரிபோர்டுக்குக் கூப்பிடலாம் தம்பி, ஆனால் அதற்குத் தனி இழை போடு. இங்கே இன்னும் ஏரனா கிங்கா என்று முடியவில்லை. நான் கிங்தான், ஒரு ஓட்டு. அடுத்து?